உணவுக் கணக்குச் செயலி: அட்டவணையும் அகப்பையும்

திருக்குறளின் 95ஆவது அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்று பெயர். பெயரை மட்டும் கண்டு அதனுட் புகுவோர் பச்சிலைகளின் பட்டியலை எதிர்பார்ப்பர். ஆனால் அதன் முற்பகுதி சொல்வதோ வேறு: முன்னர் உண்டது செரித்தமை அறிந்து, அளவோடு உண்பவனுக்கு மருந்தின் தேவையே நேராது என்பதாகும். அளவறிதல் என்பது அன்று அவரவர் பசியையும் உழைப்பையும் கேட்டறிவதாக இருந்தது. உழைப்புக் குறைந்து, இனிப்பும் எண்ணெயும் மலிந்த இக்காலத்தில் பசி ஒன்றே அளவைக் காட்டுவதில்லை. ஆகவே, அளவை எண்ணாக்கிக் காட்டும் கருவி ஒன்று வேண்டியதாயிற்று. கைப்பேசியில் இயங்கும் உணவுக் கணக்குச் செயலி அத்தகைய கருவியாகும். அஃது எங்ஙனம் கட்டப்படுகிறது என்பதை அறிந்தால், அது காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும்.

இது பொழுதுபோக்கான பொருளன்று. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு, 18 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இந்தியரிடையே அவ்விகிதம் 31.4 விழுக்காடு, மூவருள் ஒருவர் என்னலாம். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 ஆக இறங்கியது. எனினும், ஏறத்தாழ ஆறு பேருள் ஒருவர் என்பது சிறிய எண்ணாகாது. ‘இனிப்பு நீர்’ என்று பேச்சில் வழங்கும் இந்நோய் கண்டு மருந்தகத்திலிருந்து திரும்பும் ஒரு தாயிடம், “அன்றாடம் உண்பதைக் குறித்து வாருங்கள்” என்று சொல்லியனுப்புவது வழக்கம். அவர் மகனின் உதவியோடு ஒரு செயலியை இறக்கி, ‘தோசை’ என்று தேடுகிறார் என்று கொள்க. ஒரு வரி 100 கலோரி என்கிறது. அடுத்த வரி 170 என்கிறது. மூன்றாவது வரியில் அளவே இல்லை. எதைத் தொடுவது? இக்கேள்விக்கு விடை தராத செயலி, எத்துணை அழகிய திரையைப் பெற்றிருப்பினும், அத்தாய்க்குப் பயன்படாது.

கலோரி என்பது யாது?

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியசு உயர்த்துவதற்கு வேண்டிய ஆற்றலே உணவுக் கணக்கில் ஒரு கலோரி எனப்படுகிறது. இயற்பியலார் இதனைக் கிலோகலோரி என்பர். இதுவே 4.184 கிலோஜூலுக்கு ஈடாகும்.

உடலும் ஒரு வகையில் எரிகலனே என்னும் கருத்து, பிரான்சு நாட்டு அறிஞர் லவாய்சியரும் லாப்லாசும் 1782–83இல் செய்த சோதனையால் வலுப்பெற்றது. பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் கினிப்பன்றி ஒன்றை வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகிற்று என்று அவர்கள் அளந்தனர். அதன் பின்னர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டரும் இயற்பியலாளர் ரோசாவும் மனிதரையே ஓர் அறையினுள் இருத்தி, உண்ட உணவையும் வெளிப்பட்ட வெப்பத்தையும் பல நாள்கள் அளந்தனர். அவ்வழி ஆய்வுகளின் பயனாகக் கிடைத்த எண்களே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றன: ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி, ஒரு கிராம் புரதம் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி.

இவை சராசரி எண்கள் என்பதை மறத்தலாகாது. வாதுமைப் பருப்பை எடுத்துக்கொள்ளலாம். இம்முறைப்படி 28 கிராம் வாதுமைக்கு 170 கலோரி அளவில் கணக்கு வரும். ஆனால் 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, உண்மையில் உடல் பெறுவது 129 கலோரியே என்று காட்டியது. பருப்பின் கொழுப்பில் ஒரு பங்கு உயிரணுச் சுவர்களுக்குள் சிக்கிச் செரிக்காமலே வெளியேறி விடுகிறது. ஆகவே, ‘இன்று நீங்கள் உண்டது 1,683.4 கலோரி’ என்று புள்ளிக்குப் பின்னும் எண் காட்டும் செயலி, தான் அறியாததை அறிந்தாற் போலப் பேசுகிறது. ‘ஏறத்தாழ 1,700’ என்பதே நேர்மையான விடை. உள்ளே நுண்மையாகக் கணக்கிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் முழுமையாக்கிக் காட்டுதல் நல்ல செயலிக்கு இலக்கணம்.

அட்டவணையே அடித்தளம்

கைப்பேசி எதனையும் சுவைத்தறிவதில்லை. அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறது. அரிசி, பருப்பு, கீரை, மீன் என ஒவ்வொன்றையும் ஆய்வுக்கூடத்தில் பகுத்து, நூறு கிராமில் எச்சத்து எவ்வளவு என்று குறித்த உணவுச்சத்து அட்டவணையே செயலியின் அடித்தளம்.

இவ்வட்டவணைகளின் வரலாற்றில் தமிழ்நாட்டிற்கும் இடமுண்டு. நீலகிரியின் குன்னூரில் 1918ஆம் ஆண்டு மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயச் சிறியதோர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அக்கூடத்திற்குப் பின்னர்த் தலைமையேற்ற அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து வெளியிட்டார். 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்த அந்நிறுவனமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச்சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இடம்பெற்றுள்ளன. மலேசியாவில், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மலேசிய உணவுகளின் சத்து நூலை வெளியிட்டுவந்தது. அதன் நான்காம் பதிப்பு 1997இல் வந்தது. சுகாதார அமைச்சின் மலேசிய உணவுச்சத்துத் தரவுத்தளம் இணையத்திலும் கிடைக்கிறது.

பல அட்டவணைகளை ஒன்றாக இணைக்கும்போது மூன்று பிழைகள் எளிதில் நேரும். முதலாவது அலகுப் பிழை. 2017ஆம் ஆண்டு இந்திய அட்டவணை ஆற்றலைக் கிலோஜூலில் தருகிறது. அதனைக் கலோரி என்று கொண்டு பதிந்தால் விடை நான்கு மடங்குக்கு மேல் பெருகிவிடும். இரண்டாவது பொருட்பிழை. சில அட்டவணைகளில் மாவுச்சத்து என்பது நார்ச்சத்தையும் உள்ளடக்கியது, சிலவற்றில் அடக்காதது. தலைப்புச் சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றே என்று கொள்ளலாகாது. மூன்றாவது வெற்றிடப் பிழை. ஒரு கீரையின் இரும்புச்சத்தை எவரும் அளக்கவில்லை எனின், அட்டவணையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். நிரல் எழுதுவோர் அதனைச் சுழியம் என்று பதிந்துவிட்டால், ‘இக்கீரையில் இரும்பே இல்லை’ என்று செயலி சொல்லும். ‘அளக்கவில்லை’ என்பது வேறு, ‘இல்லை’ என்பது வேறு. இவ்வேறுபாட்டைக் காக்கும் பொருட்டு, தரவுத்தளத்தில் வெறுமைக்குத் தனிக் குறி வேண்டும். ஒவ்வோர் எண்ணும் எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்னும் குறிப்பும் உடனிருக்க வேண்டும்.

பச்சையும் சமைத்ததும்

அட்டவணையிலுள்ள பெரும்பாலான பொருள்கள் சமைக்காதவை. மக்கள் உண்பதோ சமைத்ததை. இவ்விடைவெளியைக் கடப்பதிலேதான் செயலியின் கணிதம் பெரிதும் செலவாகிறது.

நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. அது நீரை உறிஞ்சிச் சோறாகும்போது 250 முதல் 300 கிராம் வரை எடை கூடுகிறது. நீருக்குக் கலோரி இல்லை. எனவே நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரியே இருக்கும். ‘அரிசி’ என்ற வரியையும் ‘சோறு’ என்ற வரியையும் தெளிவாகப் பிரித்துக் காட்டாத செயலியில், ஒரு தட்டுச் சோறு இரண்டரை மடங்காகக் கணக்கேறிவிடும்.

கறிவகைகளுக்கு வழி வேறு. ஒரு வீட்டின் பருப்புக் கறியை எடுத்துக்கொள்க. துவரம்பருப்பு 200 கிராம்: 680 கலோரி. எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, அஃதாவது 28 கிராம்: 252 கலோரி. வெங்காயமும் தக்காளியும்: 48 கலோரி. ஆகக் கூடுதல் 980 கலோரி. இறக்கி வைத்த கறியின் எடை 1,200 கிராம் என்றால், நூறு கிராமுக்கு 82 கலோரி ஆகும். 120 கிராம் கொள்ளும் ஓர் அகப்பைக்கு 98 கலோரி. அதே பொருள்களை இட்டு, நீரை வற்றவிட்டு 800 கிராமாக இறக்கினால், அதே அகப்பையில் 147 கலோரி வரும். சேர்த்த பொருள் மாறவில்லை. செய்த கை மாறவில்லை. வற்றிய நீரால் ஓர் அகப்பையின் மதிப்பு ஒன்றரை மடங்காகிவிட்டது. ஆதலின், சமையற்குறிப்பைப் பதியும் இடத்தில் ‘இறக்கிய பின் எடை எவ்வளவு?’ என்ற ஒரு கேள்வியைச் செயலி தவறாது கேட்க வேண்டும். பாத்திரத்தின் எடையைக் கழிக்கவும் அது நினைவூட்டினால் இன்னும் நன்று.

அகப்பையின் அளவு

கணக்கு எல்லாம் கிராமில் நடைபெறுகிறது. வீடுகளில் எவரும் கிராமில் பரிமாறுவதில்லை. அரிசி பால் டின்னால் அளக்கப்படுகிறது. குழம்பு அகப்பையால் ஊற்றப்படுகிறது. தோசை எண்ணிக்கையால் உண்ணப்படுகிறது. வீட்டு அளவையைக் கிராமாக மாற்றித் தரும் மற்றோர் அட்டவணை இல்லையேல், ஆய்வுக்கூடத்தின் நுண்மை முழுவதும் தட்டில் வீணாகிறது.

தொடக்கத்தில் கூறிய தோசையின் சிக்கலும் இதுவே. வீட்டுத் தோசை வேறு, கடைத் தோசை வேறு, நெய் விட்ட முறுகல் வேறு. ஓர் எண்ணைத் தேர்ந்து எல்லார்க்கும் விதிப்பதைக் காட்டிலும், பத்து வீடுகளின் தோசைகளை எடை போட்டு, அவற்றைச் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றன் படத்தையும் ஒரு சாதாரணத் தட்டின் மேல் வைத்துக் காட்டுவது சிறந்த வழி. அத்துடன், ஒரு குடும்பம் தன் அகப்பையையும் கோப்பையையும் ஒரே ஒருமுறை எடை போட்டுப் பதிந்து வைக்கவும் செயலி இடந்தர வேண்டும். அதன் பிறகு ‘எங்கள் வீட்டு அகப்பை’ என்பது அக்குடும்பத்தின் நிலையான அலகாகிவிடும்.

உணவைப் படம் எடுத்தால் கணக்குத் தானே வரும் என்று இன்று பல செயலிகள் கூறுகின்றன. படத்தைக் கண்டு ‘இது ரொட்டி சானாய், அது பருப்புக் கறி’ என்று பெயர் சொல்வதில் செயற்கை நுண்ணறிவு விரைந்து முன்னேறியுள்ளது. ஆனால் மாவினுள் பிசைந்த நெய்யும் குழம்பில் கரைந்த தேங்காய்ப் பாலும் படத்தில் தெரிவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினால் 120 கலோரி கூடுகிறது. படத்தில் அது சிறிது பளபளப்பாகத் தோன்றக்கூடும், அவ்வளவே. தே தாரிக்கின் நுரையைப் படம் பிடிக்கலாம். அதில் இட்ட கெட்டிப்பால் ஒரு கரண்டியா மூன்று கரண்டியா என்பதைப் படம் சொல்லாது. இரண்டு மேசைக்கரண்டி, அஃதாவது 40 கிராம், இனிப்பூட்டிய கெட்டிப்பாலுக்கு 130 கலோரி அளவில் ஆகும். ஆகவே படம் ஊகத்தைத் தரலாம். உறுதி செய்யும் கேள்வி பின்தொடர வேண்டும்.

மக்கள் தாம் உண்டதைக் குறைத்துச் சொல்வர் என்பதும் ஊட்டச்சத்து ஆராய்ச்சியில் பலமுறை நிறுவப்பட்ட செய்தி. பொய் சொல்லும் எண்ணத்தாலன்று. மறதியாலும் நாணத்தாலும் இது நேர்கிறது. அளவை மிஞ்சியவுடன் சிவப்பு எழுத்தில் கடிந்துரைக்கும் செயலி, அந்த நாணத்தை வளர்த்துக் கணக்கையே கெடுத்துவிடுகிறது.

பெயரின் சிக்கல்

உணவுக்குப் பெயர் சொல்லும் இடத்தில் மொழி நுழைகிறது. இட்டிலி, இட்டலி, இட்லி மூன்றும் ஒன்றே. சிங்கப்பூரில் ரொட்டி பராட்டா எனப்படுவது எல்லை கடந்தால் ரொட்டி சானாய் ஆகிறது. இவை ஒரே பொருளுக்குப் பல பெயர். ஒரே பெயர்க்குப் பல பொருள் உண்டாவது இதனினும் இடர் தருவது. பூசணி என்னும் சொல்லைச் சிலர் வெண்மையான நீற்றுப்பூசணிக்கும், சிலர் மஞ்சள் சதையுடைய பரங்கிக்கும் வழங்குவர். உயிர்ச்சத்து ‘ஏ’யாக உடலில் மாறும் கரோட்டின் பின்னதில் மிகுதி, முன்னதில் அரிது. ‘கீரை’ என்று மட்டும் பதிந்தால் முருங்கைக்கீரையா முளைக்கீரையா என்பது விளங்காது. ஆகவே தரவுத்தளத்தில் ஒவ்வோர் உணவுக்கும் மாறாத எண் ஒன்று தரப்பட்டு, வழங்கும் பெயர்கள் யாவும் அதனுடன் இணைக்கப்படுகின்றன. ஐயத்துக்கு இடமான பெயரைத் தட்டினால், செயலி ஊகிக்காமல் படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும்.

தமிழெழுத்துக்கே உரிய நுட்பம் ஒன்றும் இங்கு உண்டு. கைப்பேசியில் தமிழைத் தட்டுவது இன்று அரிதன்று. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டிலேயே கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது. ஆனால் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவது கணினிக்கு இரண்டாக இருக்கலாம். ‘கொண்டைக்கடலை’ என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய ‘கொ’வை ஒருங்குறியில் இரண்டு வகையாக எழுதலாம்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடலாம். திரையில் வேறுபாடு தோன்றாது; தேடினால் மட்டும் ‘கிடைக்கவில்லை’ என்று வரும். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிட வேண்டும் என்பது ஒருங்குறி வகுத்த முறை. இதனை அறியாத நிரலாளர், பயனர் பிழையாகத் தட்டினார் என்று எண்ணிவிடுவர்.

இலக்கணமும் இடையே வருகிறது. ‘இரண்டு இட்டிலியும் சாம்பாரும்’ என்று ஒருவர் பேசிப் பதிந்தால், உம்மையை நீக்கிப் பெயர்ச்சொல்லைக் காணச் செயலிக்குத் தெரிய வேண்டும். ‘தேங்காய்ச் சட்டினி’யில் மிகுந்த சகர ஒற்றைத் தள்ளியும் தேட வேண்டும். வகுப்பறையில் புணர்ச்சி விதியாகக் கற்பிக்கப்படுவது, இங்குத் தேடற்பொறியின் விதியாகி விடுகிறது.

கலோரி மட்டும் போதுமா?

எண்ணும் பெயரும் அளவும் செவ்வையாக அமைந்துவிட்டன என்று கொள்வோமாயின், கலோரியை மட்டும் கூட்டிக் காட்டினால் போதுமா? இதற்கு விடையாக மலாயாவின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் பெரிபெரி நோய் தொழிலாளரைக் கொள்ளை கொண்டது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து இறந்தவர் மிகப் பலர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் ஒரு வேறுபாட்டைக் கண்டார். தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே மலிந்திருந்த அந்நோய், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அரிதாக இருந்தது. 1907இல் அவர் தம் கருத்தை நூலாக வெளியிட்டார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் அதனைச் சோதித்துப் பார்த்தனர். நெகிரி செம்பிலானின் உட்பகுதியில் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு வெள்ளரிசியும் மறுபகுதிக்குப் புழுங்கலரிசியும் அளித்தனர். வெள்ளரிசி உண்டவரிடையே நோய் தோன்றியது; புழுங்கலரிசி உண்டவர் தப்பினர். 1909இல் வெளியான அவ்வாய்வு, பெரிபெரி தொற்றுநோயன்று, உணவின் குறை என்பதை நிலைநாட்டப் பெரிதும் துணைசெய்தது.

நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள ‘பி1’ உயிர்ச்சத்து உள்ளே மணிக்கு இறங்குகிறது. பின்னர்த் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இக்காரணம் அன்றைய தொழிலாளருக்குத் தெரியாது. ஊர்ப் பழக்கமே அவர்களைக் காத்தது. இப்போது அவ்விரு அரிசிகளையும் ஓர் உணவுக் கணக்குச் செயலியில் இட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் கலோரி ஏறத்தாழ ஒன்றே. கலோரியை மட்டும் காட்டும் திரையில், நோய்வாய்ப்பட்டவன் தட்டும் தப்பியவன் தட்டும் ஒரே எண்ணைக் காட்டும்.

இதனாற் பெறப்படுவது யாதெனின், கூட்டுத்தொகை ஒன்றைப் பெரிதாகக் காட்டி மற்றவற்றை மறைப்பது தவறான வழிகாட்டுதல் என்பதாம். நீரிழிவு உடையார்க்கு மாவுச்சத்தும் நார்ச்சத்தும், குருதியழுத்தம் உடையார்க்கு உப்பும், கருவுற்ற மகளிர்க்கு இரும்பும் முன்னே நிற்க வேண்டும். எந்த எண் முதலில் நிற்பது என்பதை உண்பவரின் தேவை முடிவு செய்யுமாறு செயலி அமைதல் வேண்டும்.

உறுப்புகள் ஒன்றுசேருமாறு

இவ்வளவும் தெளிந்த பின்னரே நிரல் எழுதும் வேலை தொடங்குகிறது. அவ்வேலை ஒப்புநோக்கில் எளியது. உணவு, சத்து, அளவை, சமையற்குறிப்பு, நாட்குறிப்பு என ஐந்து பட்டியல்கள் போதும். ஒருவர் ‘மதியம், சோறு, இரண்டு அகப்பை’ என்று பதிந்தால், செயலி அகப்பையைக் கிராமாக்கி, நூறு கிராமின் சத்தைக் கொண்டு பெருக்கி, நாட்குறிப்பில் சேர்க்கிறது. சேர்க்கும்போது விடையையும் உடன் எழுதி வைப்பது நல்லது. பின்னொரு நாள் அட்டவணையைத் திருத்தினாலும், சென்ற மாதத்துக் கணக்கு சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடாது.

பொதியுணவுகளுக்குப் பட்டைக்குறியைக் காட்டி விவரம் பெறலாம். 955 என்று தொடங்குவது மலேசியாவில் பதிந்த எண்; 888 சிங்கப்பூருக்கு உரியது. இஃது எண்ணைப் பதிந்த நாட்டையே குறிக்கும். பொருள் விளைந்த நாட்டை அன்று. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பொதியிட்ட பானங்களுக்கு இனிப்பையும் நிறைவுற்ற கொழுப்பையும் கொண்டு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் வகுக்கப்படுகிறது. அத்தரத்தையும் பதிவில் சேர்க்கலாம்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு வேண்டும் என்று மதிப்பிட, 1990இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் பரவலாக வழங்குகிறது. எடையைப் பத்தாலும், உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, ஆடவர்க்கு 5 கூட்டவும் பெண்டிர்க்கு 161 கழிக்கவும் வேண்டும். 65 கிலோ எடையும் 155 செ.மீ. உயரமும் உடைய 45 வயதுப் பெண்ணுக்கு 650 + 969 − 225 − 161, அஃதாவது 1,230 கலோரி அளவில் வரும். இஃது ஓய்வில் செலவாவது. உழைப்புக் குறைந்த வாழ்வுக்கு 1.4ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,700. இதுவும் மதிப்பீடே, எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று சில வாரங்கள் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியது.

கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாத தோட்டங்களிலும் இயங்க வேண்டுமாயின், அட்டவணை முழுதும் கைப்பேசியிலேயே இருத்தல் வேண்டும். சில ஆயிரம் உணவுகளின் விவரம் சில நிழற்படங்களின் இடத்தில் அடங்கிவிடும். கண்ணாடி அணிந்த முதியோர் படிக்கத்தக்க பெரிய எழுத்தும், மூன்று தொடுதலில் முடியும் பதிவும் அலங்காரங்களினும் பயன் தருவன.

காவலும் வரம்பும்

ஒருவர் உண்பது, அவர் எடை, அவர் நோய் ஆகிய மூன்றும் சேர்ந்த குறிப்பு மிக அந்தரங்கமானது. 2018இல் உலகப் புகழ்பெற்ற ஓர் உணவுக் கணக்குச் செயலியிலிருந்து ஏறத்தாழ 15 கோடிப் பயனர் கணக்குகளின் விவரங்கள் களவு போயின. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலக் குறிப்பை நுண்ணுணர்வுக்குரிய தகவல் என வகைப்படுத்துகிறது. சிங்கப்பூரும் 2012இல் இத்தகைய சட்டம் இயற்றியது. சட்டம் இருப்பினும் இல்லாவிடினும், தேவையற்றதைக் கேளாமையும், கேட்டதைக் கைப்பேசியைவிட்டு வெளியே அனுப்பாமையும் சிறந்த காவல்.

வரம்புகளும் உண்டு. செயலியின் எண்ணைக் கொண்டு இன்சுலின் அளவைத் தாமே மாற்றிக்கொள்ளுதல் கேடு தரும். அது மருத்துவர் வழிகாட்ட வேண்டிய செயல். வளரும் பிள்ளைகளின் கையில் கலோரிக் கணக்கைக் கொடுத்தலும் ஏற்றதன்று. எண்ணுக்கு அஞ்சி உணவையே வெறுக்கும் நோய்க்கு ஆளாவோர் உண்டு. பிள்ளைகளுக்கு வேண்டுவது தட்டில் காயும் கீரையும் புரதமும் உளவா என்னும் பார்வை, எண்ணிக்கை அன்று.

ஆசிரியரும் படிப்பாளரும் செய்யத்தக்கது

நிரல் எழுதும் இளைஞர் இந்நாட்டில் பலர் உளர். அவர்களுக்குக் கிட்டாதது அடுப்படியின் அறிவும் பெயர்களின் அறிவும் ஆகும். எந்த அனைத்துலகச் செயலியும் ஒரு தோட்டத்து வீட்டின் நெத்திலிச் சம்பலையும் முருங்கைக்கீரைப் பொரியலையும் தானே எடை போட வரப்போவதில்லை. அவை அட்டவணையில் இல்லாதவரை, அவற்றை உண்போர் பதிவதெல்லாம் வேறொருவர் உணவின் எண்ணாகவே இருக்கும்.

இக்குறையை நீக்கப் பெரும்பொருள் வேண்டா. ஒரு சமையலறைத் தராசு, ஒரு குறிப்பேடு, பொறுமை ஆகிய மூன்றும் போதும். பள்ளியின் அறிவியல் பாடத்தில் மாணவர், தம் வீட்டின் அகப்பை எத்தனை கிராம் குழம்பு கொள்கிறது என்று அளந்து வரலாம். கணிதப் பாடத்தில் அவ்வெண்களை வரிசைப்படுத்தி நடு எண்ணைக் காணலாம். தமிழ்ப் பாடத்தில், ஓர் உணவுக்கு எத்தனை பெயர், எந்தெந்தக் குடும்பத்தில் வழங்குகிறது என்று திரட்டலாம். எவர் எவ்வளவு உண்டார் என்று கேளாமல் பாத்திரத்தை மட்டும் அளப்பதால், எவர் மனமும் புண்படாது. பத்துப் பள்ளிகள் இங்ஙனம் திரட்டியதை ஒன்றுசேர்த்தால், எந்தச் செயலிக்கும் அடித்தளமாகத்தக்க வீட்டளவை அட்டவணை ஒன்று உருவாகும்.

மருந்தகத்திலிருந்து திரும்பிய அத்தாய் ‘தோசை’ என்று தேடும்போது, தம் வீட்டுக் கல்லில் வார்க்கும் தோசையின் படமும் அதன் எடையும் திரையில் தோன்றுமாயின், அவர் அதனைத் தயங்காமல் தொடுவார். அந்த ஒரு வரியை எழுதுவதற்கு யாரேனும் ஒருவர், என்றேனும் ஒரு நாள், ஒரு தோசையைத் தராசில் வைத்திருக்க வேண்டும்.